பன்னிரண்டு லீக் தெற்கே

ஜூன் 7, சனி
கார்ப்பஸ் கிறிஸ்டி கடல். காற்று பலம், அலை அதிகம். படகில் மூன்றாவது நாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்பானியப் புதையல் கப்பல் மூழ்கிய இடத்தைக் கண்டுபிடித்து அரசுக்குச் சொல்ல வேண்டும், எதையும் எடுக்கக் கூடாது. அதற்குத்தான் ஆறு பேரும் லீவு போட்டு வந்தது. பழைய வரைபடத்தில் இருந்த கையெழுத்தைப் படித்துக் கொடுத்தவர் ஜெசிந்தாக்கா (இனி ஜெ.). யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஊர் ஆலனில் ஸ்பானிஷ் டீச்சர். ‘ஆற்று முகத்துவாரத்திலிருந்து தெற்கே பன்னிரண்டு லீக்.’ லீக் என்பது அந்தக் காலத் தூர அளவு. அதை இன்றைய மேப்பில் பொருத்தியது நான்.

படகுக்காரர் டேவ் ஜெ.வைப் பார்த்து, கப்பல் இருக்கட்டும், முதலில் உனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையைக் கண்டுபிடிக்கணும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஜெ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ர கண்தான் பிழை விட்டிட்டுது போல” என்று என்னிடம் மட்டும் தமிழில்.

ஜூன் 10, செவ்வாய்
வெயில் 103 டிகிரி. ஏசி ரிப்பேர்காரனுக்கு போன். பாப்பாவுக்கு நீச்சல் கண்ணாடி. பால்.

மதியம் ஆபீஸில் சும்மா ஜெ. மார்ச்சில் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். இரண்டாம் பக்கம் இருப்பதே இன்றுதான் தெரியும். ‘கவனம்: கடல் லீக், தரை லீக் இல்லை.’ கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். தரை லீக்கைவிடக் கடல் லீக் நீளம். நான் தரைக் கணக்கில் போட்டுவிட்டேன். பத்து மைல் வடக்கே தேடியிருக்கிறோம்.

ஃபைலை மூடினேன்.

ஜூன் 12, வியாழன்
குரூப் மெயிலில் ஜெ.: மன்னிக்கவும், என்னால் எல்லோருடைய லீவும் வீண், இனி வேறு யாராவது படிக்கட்டும்.

டேவ், ‘இட் ஹேப்பன்ஸ்’. நான்? தம்ஸ் அப். கை தானாகப் போட்டது. எடுக்கவும் இல்லை.

பாப்பா தூங்கியபின் வித்யாவிடம் சொன்னேன். “அவங்க கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன?”

ஜூன் 14, சனி
ஜெ. வீட்டுக்கு. பத்து நிமிஷம் காருக்குள்ளேயே. அவரே கதவைத் திறந்தார்.

“வெயிலுக்க ஏன் இருக்கிறியள், உள்ள வாங்கோ.”

“அக்கா, தப்பு என்னோடதுங்க. ரெண்டாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை.”

“தெரியும். கடலால வந்த அண்டைக்கே என்ர தாளைத் திருப்பிப் பாத்தனான், அதில சரியாத்தான் இருந்தது.”

“அப்புறம் ஏங்க்கா அந்த மெயில்?”

“அதைப் பாத்திட்டாவது சொல்லுவியள் எண்டு நினைச்சன்.” கேத்திலை அடுப்பில் வைத்தார். “கணக்குப் பிழை ஆருக்கும் வரும், செந்தில். அந்தாள் நக்கலடிக்கேக்க நீங்களும் சிரிச்சனீங்கள். அதுதான்.”

டீ கொடுத்தார். குடித்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
எல்லோருக்கும் மெயில் போட்டேன். நாலு வரி. முதல் டிராஃப்டில் ‘ஆபீஸ் டென்ஷன்’ என்று எழுதியிருந்தேன், அழித்தேன். டேவ் ஜெ.விடம் போனில் மன்னிப்புக் கேட்டாராம். எனக்குப் பதில் போடவில்லை. சரிதான்.

புது மேப் செய்து ஜெ.வுக்கு அனுப்பினேன். மூன்று முறை சரிபார்த்து.

ஆகஸ்ட் 9, சனி
மேகமூட்டம். இரண்டாவது பயணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. புல் வெட்டிக்கொண்டிருந்தபோது படகிலிருந்து ஜெ.வின் போன். பின்னால் ஒரே கூச்சல்.

“செந்தில்! மெசின்ல இரும்பு காட்டுது! மூண்டு இடத்தில, ஒரே வரிசையா! நங்கூரமா இருக்கும் எண்டு டேவ் சொல்றார்!”

“சந்தோஷங்க்கா” என்றேன். பாப்பா ஓடி வந்தாள். “அப்பா, ஆர் யூ க்ரையிங்?”

அரசுக்குப் போகும் ரிப்போர்ட்டில் வரைபடம் செய்தவர் என்று என் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறாராம் ஜெ. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.