எட்டால் பெருக்காத கணக்கு

ஜூலை 12, வெள்ளி

விடுமுறை. ஏரி வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் போன வருஷத்துக் கொசுவே வரவேற்றது.

அக்கா ஹில்க்காவிடமிருந்து செய்தி: "அப்பாவை எடுக்க ஆரம்பிச்சாச்சா?" நாலாவது முறை. பதில் போட்டேன், "ஆறு நாள் வேலை. நெட்வொர்க் வேலை பார்க்கிற தம்பி இருக்கிறப்ப உனக்கென்ன கவலை?"

மற்றவர்களுக்குக் கடிதம் வந்தால் எழுத்து வரும். ஹில்க்காவுக்குக் காது கேட்காது; அப்பாவுக்கும் கேட்காது. அவள் ஸ்வீடனில் வேலை பார்த்த வருஷங்களில் ஞாயிறுதோறும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்து கைமொழியில் அவளுக்குப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். எல்லாமே வீடியோ. மொத்தம் இரண்டு டெரா, அதாவது இரண்டாயிரம் ஜிகா. அவர் போய் மூன்று வருஷமாகிறது. அந்த வீடியோக்கள் இருப்பது ஒரே இடத்தில் – ஒரு சேமிப்பு நிறுவனத்தில். முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு அதை மூடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அள்ளுவதால் ஆளுக்கு வினாடிக்கு நான்கு மெகாபிட்தான் தருவார்களாம்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் தொடங்கிவிட்டேன். அது பாட்டுக்கு ஓடட்டும். சவுனா நீராவிக் குளியல், புது உருளைக்கிழங்கு, ஒரு பீர்.

ஜூலை 16, செவ்வாய்

ஏதோ சரியில்லை. நூறு ஜிகாபைட்கூட வரவில்லை. இந்நேரம் மூன்றில் ஒரு பங்கு வந்திருக்க வேண்டாமா?

நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே போன் செய்தேன். பதிவு செய்த குரல்: ஊழியர்கள் விடுமுறையில் இருக்கிறார்கள், ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பேசலாம். ஜூலையில் இந்த நாட்டில் செத்தவனைப் புதைக்கக்கூட ஆள் தேட வேண்டும்! மூடும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெய்க்கோவைக் கூப்பிட்டேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரன். படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். கணக்கைச் சொன்னேன்.

"ஒஸ்மோ, எட்டால பெருக்கினியா?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன்; அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டிருக்கும்.

"அட, நீயா? நீயாப்பா?" சிரித்தான். "லீவு முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை காபிக்கு பன் வாங்கிட்டு வந்துடு!" பிறகு என்ன இறக்குகிறேன் என்று கேட்டான். சொன்னேன். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 17, புதன்

எழுதி வைக்கிறேன், எனக்கே உறைக்கட்டும். கம்பிவழி போவதை பிட்டில் அளப்போம். பெட்டியில் கிடப்பதை பைட்டில் அளப்பார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். புதிதாகச் சேரும் பையன்கள் எட்டை மறந்தால் அலுவலகம் முழுவதற்கும் பன் வாங்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். இருபத்தாறு வருஷம் பிட்டிலேயே புரண்டவனுக்கு உலகத்தில் எல்லாமே பிட். அக்காவின் இரண்டு டெராவையும் பிட் என்றே எடுத்துக்கொண்டு நான்கால் வகுத்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை. கழுதை.

ஆறு நாள் இல்லை. நாற்பத்தாறு நாள்.

மூடப்போவதாக அறிவிப்பு வந்தது ஜூன் பத்தாம் தேதி. அன்றே தொடங்கியிருந்தால் எல்லாம் கைக்கு வந்திருக்கும்.

ஜூலை 18, வியாழன்

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

அக்கா இருக்கும் கயானி ஊருக்குப் போய்க் கைமொழியில் சொன்னேன். அங்கே வீட்டுக்கு வீடு மின்னல் வேக இணைப்பு. என்ன பயன், குழாயை முறுக்கியிருப்பது அந்தப் பக்கத்தில்.

ஹில்க்கா சமையலறையில் இருந்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"வேகமா வர்ற மாதிரி ஏதாவது செய்யேன். உன் தொழில்தானே?"

"முடியாது. அங்கே கட்டிப் போட்டிருக்கான்."

"சரி. அப்போ எவ்வளவு வரும்?"

"மூணுல ஒண்ணு. கொஞ்சம் கூட வரலாம்."

மேசையை ஓங்கித் தட்டினாள். கேட்காதவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் அவளையே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஆறு நாள்னு சொன்னேடா. கேலியா வேற எழுதினே. எதைடா விடச் சொல்றே? நீயே சொல்லு, அப்பாவோட எந்த ஞாயித்துக்கிழமைய விடறது?"

மீன் சூப் ஆறிப்போனது. இருவரும் தொடவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

ஹில்க்கா ஏரி வீட்டுக்கே வந்துவிட்டாள்; எதை இறக்குவது என்று தேர்ந்தெடுக்கிறோம். தேதி மட்டும்தான் தெரிகிறது. எந்த வாரம் என்ன சொன்னார் என்று திறந்து பார்க்கலாம் – ஆனால் பார்ப்பதும் அதே நான்கு மெகாபிட்டில்தான் வரும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போச்சு. அதனால் பார்க்காமலே தேர்ந்தெடுக்கிறாள். அவள் கல்யாணச் செய்தி சொல்லி, அதற்கு அப்பா பதில் பேசிய அந்தக் கல்யாண வாரம் எது? நினைவில்லை. தோராயமாக ஒரு தேதியைக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். மூன்றுக்கும் ஒரே தானியங்கிப் பதில்: இனிய கோடை வாழ்த்துகள்.

ஜூலை 29, திங்கள்

கல்யாண வாரம் என்று எடுத்தது வேறு வாரம். காருக்கு டயர் மாற்றுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்.

ஜூலை 31, புதன்

மூன்று மணிக்கு ஹில்க்கா என் தோளைத் தட்டினாள். "நிறுத்து."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வந்துகிட்டிருக்கிறதாவது முடியுமே..."

"போதும். அள்ளுனது போதும். ஒண்ணைப் போடு, பார்க்கலாம்."

வரிசையில் இல்லாத, நாங்கள் இறக்காமலே கைவிட்டிருந்த ஒன்றைத் தொட்டாள். அப்பா வந்தார். கட்டம் போட்ட சட்டை. பக்கத்து வீட்டுக்காரன் நாயைப் பற்றிப் புகார். அந்த நாய் நடப்பதைத் தோளைக் குலுக்கி நடித்துக் காட்டினார். ஹில்க்கா வாய்விட்டுச் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். பிறகு நாயை விட்டுவிட்டு முன்னால் குனிந்தார். "ஹில்க்கா, ஒண்ணு சொல்லணும்" என்றார். அவளைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கையைத் தூக்கினார்.

நான்கு மணி. சுழலும் வட்டம். அப்புறம் அதுவும் இல்லை.

அவர் கை நின்ற இடத்திலேயே தன் கையை வைத்து, அங்கிருந்து அது எங்கே போயிருக்கும் என்று இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வேலைக்கு வந்தேன். நிறுவனத்தில் ஒரு பெண் போனை எடுத்தாள். பாவம், மரியாதையாகத்தான் பேசினாள். "எல்லாத்தையும் அன்னைக்கே அழிச்சாச்சுங்க. ஜூன்லயே எல்லாருக்கும் சொல்லியிருந்தோமே."

சொல்லியிருந்தார்கள்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பத்து நாளாக ஒரு வார்த்தை இல்லை. இன்று ஹில்க்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாண வாரம் அப்பா என்ன சொன்னார்னு நானே சொல்லி வெச்சுடறேன்" என்று ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் சொன்னாள். நிறுத்தினாள். அழிப்பது போல் கையை வீசிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அதே இரண்டு வாக்கியம். கைகள் மடியில் விழுந்தன. கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அணைத்துவிட்டாள்.

ஒரு நிமிஷம்கூட இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிட்டது. மூன்று இடத்தில் சேமித்து வைத்தேன். பதில் இன்னும் அனுப்பவில்லை.