கட்டைக் குழல்

அன்பு அப்பா,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

மொன்றியலில் நான் வேலை செய்யும் வேட்டைக் கடைக்கு நேற்று ஒரு தமிழ்க் கிழவர், எங்கள் ஊர் இடியன் போலக் குழல் வாயால் மருந்து இடிக்கும் துவக்கு வாங்க வந்தார். பற்றைக்குள் திரியக் கட்டைக் குழலும், குறி தப்பாமல் சுட நீளக் குழலும் நல்லது என்றேன்.

"கட்டையைத் தா. போன கிழமை இஞ்ச நிண்ட உன்ர அண்ணன் சொன்னவன், நீளக் குழல் காட்டுக்கொடியில சிக்கினதாலதான் தன்னைக் காட்டுப்பண்டி அடிச்சதெண்டு. துவக்குத் தந்த அப்பாவில பிழையில்லையாம்."

அண்ணை வன்னிக் காட்டில் செத்ததையும், நீங்கள் உங்களையே நொந்துகொள்வதையும் நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. கிழவருக்கு மூளை பிசகியிருக்கும், யோசிக்காதீர்கள்.

அண்ணையின் படம் ஒன்று அனுப்புங்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. வேலைக்கு நேரமாகிறது. அடுத்த மாதம் கிழவர் துவக்கை எடுக்க வருவார், அவருக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் மகன்
றஜிந்தன்