ஓடுகிற பாட்டோடு இன்னொரு பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பதிகம் பாதியில் நின்றது. அடுத்த அறையிலிருந்து எழுந்த 'டும் டும்' என்னும் ஓசை, என் நாவில் இருந்த அடியைத் தன் போக்குக்கு இழுத்துச் சென்றுவிட்டது. ஆண்டவன் திருமுன் அதற்கேற்பத் தலையாட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்து நாணினேன்.

அந்த அறையில் இருக்கும் என் தம்பிக்கு அவன் மகன் மடிக்கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றி அனுப்பியிருக்கிறான். விருந்துகளில் ஒரு பாட்டு முடியும் முன்னே மறுபாட்டைக் கலந்துவிடுவார்களே, டிஜே என்போர், அவர்கள் கையாளுவது. திரையில் இசைத்தட்டுப் போன்ற இரண்டு வட்டங்கள். அவற்றின்மேல் மலைத்தொடராய் நகரும் ஓசைக்கோடுகள். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தம்பிக்கு இது எதற்கு?

கேட்கவில்லை. மனைவி மறைந்த பின் இந்த வீட்டுப் படியை இறங்காதவன் அவன். நாளெல்லாம் சுவரைப் பார்த்திருந்த கண்கள் இன்று வேறொன்றைப் பார்க்கின்றன. பதிகத்தை நாளை முழுதாகப் பாடிக்கொள்ளலாம்.

மார்ச் 6, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். நெடுநாளுக்குப் பின் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசினான்.

"ஓடுற பஸ்ஸுக்குப் பக்கத்துல இன்னொரு பஸ்ஸ அதே வேகத்துல கொண்டுவரணும்க்கா. ஆளுங்க இதுலேருந்து அதுக்கு மாறணும். கால் மாத்தி வச்சதே தெரியக்கூடாது."

'சிங்க்' என்றொரு பொத்தானைக் காட்டினான். அதை அமுக்கினால் கணினியே இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடுமாம்.

"அப்ப நீ எதுக்குடா?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்."

சிரித்தானா? சிரித்தான் என்றே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

துள்ளலோசையும் தூங்கலோசையும் அவன் அறையில் முட்டிக்கொண்டன. தலைவலி எனக்கு.

மார்ச் 11, புதன்

மெல்லச் செல்லும் ஒரு பழைய பாட்டுக்குக் கணினி ஓட்டப்பந்தய வேகம் காட்டிற்று. சீர் பிரித்துத் தொடையில் தட்டிப் பார்த்தேன். தவறு! வெற்றிக் களிப்போடு போய்ச் சொன்னேன்.

"தெரியும்க்கா. சில பாட்டுக்கு ரெட்டையா எண்ணிடும். பாதியாக்கிட்டேன்."

யாப்பு கற்ற செருக்கு அவன் அறை வாசல்வரைதான் உடன் வந்தது.

மார்ச் 14, சனி

கீழ்வீட்டுச் செவிலி வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது. "அம்மா, உங்க வீட்டுச் சத்தம்..." என்று தொடங்கியவள், உள்ளே எட்டிப் பார்த்து, "இது அங்கிளா போடறாரு?" என்றாள்.

முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் அவளுக்கு வேலை. வந்த சண்டையை மறந்தே போனாள். "அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்க மையத்துல வந்து போடுங்க அங்கிள். எங்க ஆளுங்க நாற்காலில உக்காந்து உக்காந்து நாற்காலியாவே ஆயிட்டாங்க."

தம்பி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். மாலை வழிபாட்டில் வேறெதுவும் வேண்டவில்லை. ஒருமுறை அவன் படியிறங்கினால் போதும், இறைவா.

மார்ச் 20, வெள்ளி

"வரலன்னு சொல்லிடுக்கா."

விளக்கைக்கூடப் போடாமல் அமர்ந்திருந்தான். நான் போட்டதும் சொன்னான்: "அவ இல்லாம நான் எந்த விசேஷத்துக்கும் போனதில்லையே."

ஓதிய நூல்களில் ஒரு சொல்கூட அந்நேரத்துக்கு உதவவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "நானும் வரேன்டா. யாரும் ஆடலேன்னா நான் எழுந்து ஆடறேன்."

"நீயா?" நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நான் போயே ஆகணும். அந்தக் கண்ராவிய யாராவது பாத்து வைக்கணுமே."

நாளைக் காலையும் இதே மனம் இருக்குமா? — தெரியவில்லை.

மார்ச் 21, சனி

போனோம்!

படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தான். பையை நான் சுமந்தேன். மையத்துக் கூடத்தில், சுவரோரமாக முதியவர்கள் வரிசையாய் அமர்ந்திருந்தார்கள். தம்பி 'சிங்க்' பொத்தானை அமுக்கி அமுக்கிப் பாட்டுகளைச் சேர்த்தான். குறையொன்றுமில்லை, ஆயினும் ஒருவரும் அசையவில்லை. அவனும் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகொரு பாட்டுக்கு யாரோ கைதட்டத் தொடங்க, மெல்ல மெல்லக் கூடமே தட்டிற்று. சற்றே தெம்பு வந்து, தண்ணீர் குடிக்க நகர்ந்தான்.

ஓதி முடித்த திருநூலை விரித்தபடி விட்டு எழலாகாது என்பது சிறுவயது முதல் என் கையில் ஊறிய பழக்கம். ஆளில்லா மேசையில் அந்தக் கணினி விரிந்து கிடந்தது. என் கைகள் தாமாகவே சென்றன. பணிவோடு, இரு கையாலும், மூடினேன்.

பாட்டு அறுந்தது.

ஐயோ, என்ன பண்ணித் தொலச்சேன்! இத்தனை நாள் கழிச்சு வெளிய வந்தவன — நானே —

"அக்கா! மூடினா அது தூங்கிடும்!"

"எழுப்புடா! எழுப்பு!"

ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து அவர்களே பாடத் தொடங்கியிருந்தார்கள், தத்தம் மூச்சுக்கேற்ப, சற்றே தாழ்ந்த நடையில். தம்பி கணினியைத் திறந்தான். 'சிங்க்' மீது விரலை வைத்தவன் எடுத்துவிட்டான். "இவங்க தட்டறது இதுக்குத் தெரியாதே" என்று முணுமுணுத்தான்.

ஒரு காதில் ஹெட்போன், மறுகாது கூடத்துக்கு. திரையை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்த்தபடி, வேகத்தை மயிரிழை மயிரிழையாய்த் தாழ்த்தினான். பாட்டு எப்போது வந்து கலந்தது? பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, நிறுத்திடாதப்பா! நான் எழுந்ததே பெரிசு!"

"நிறுத்த மாட்டேன் அண்ணே! எங்க அக்காவ மட்டும் தள்ளி உக்கார வைங்க!"

கூடமே சிரித்தது. அவன் குரல் அவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

முழங்கால் வலிக்கிறது. காரணத்தை இங்கும் எழுதுவதாக இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

முடிவெட்டிக்கொள்ளத் தம்பி தனியே போனான். நான் சொல்லவில்லை; அவனாகவே.

உணவுவேளை கடந்தும் வரக் காணோம். சன்னலில் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில், மையத்துப் பெரியவரோடு கையை வீசி வீசிப் பேசிக்கொண்டு நிற்கிறான். சாப்பாட்டை இரண்டாம் முறை சூடாக்கினேன். சற்றுக் கழித்து மீண்டும் பார்த்தேன். இன்னும் பேச்சு முடிந்தபாடில்லை. கோபித்துக்கொள்ள முயன்றேன், வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.