உப்பு லொறிக்குக் கண்ணூறு

2024 பெப்ரவரி 3
என் மனிசன் ஸப்ரான் லொறியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கும் கதையை இன்றும் எடுத்தார். இரண்டு வருசத்துக்கு முன் டீசல் தட்டுப்பாட்டில் முற்றத்தில் நிறுத்தியது. இப்போது கோழிகளுக்குத்தான் அதில் சொகுசு. ஓடினால் பழையபடி உப்பேற்றலாம். ஓடாவிட்டால் மனிசன் வேலைக்குக் கட்டார் போவாராம், விசாவும் வந்துவிட்டதாம், புதுப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. போகவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன். அதனால், "ஒரு புது பற்றரி போட்டுத்தான் பாருங்களேன்" என்றேன்.

பெப்ரவரி 6
பற்றரி வந்தது. இஞ்சின் முனகி முனகிச் சுற்றியது! ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் சுற்றியது. எயார் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியது வாங்கப் புத்தளம் போனார்.
மாமி, அதுதான் இவருடைய உம்மா, வேறு காரணம் சொன்னார். "கண்ணூறுதான் ஹஃபீலா. பக்கத்து வீட்டு முஃபீதா கேட்டடியில நிண்டு லொறியக் கண்வச்சுப் பாத்தா. மாஷா அல்லாஹ் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாளா?"

பெப்ரவரி 7
புது ஃபில்டரைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். "டக்". அவ்வளவுதான். நேற்றுச் சுற்றியது இன்றைக்கு ஏன் சுற்றவில்லை? இஞ்சின் இறுகிவிட்டது என்கிறார். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியா? பேசாமலா?

பெப்ரவரி 9
நாளை மறுநாள் இரும்புக்காரன் வருவானாம். அவன் வண்டிக்கு வழியிலேயே காற்றுப் போகட்டும்.

பெப்ரவரி 10
இவருக்குச் சொல்லாமல் நிக்கொலஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். பள்ளிவாசல்துறையில் போட் இஞ்சின் திருத்துகிறவர். இஞ்சினுக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, ஏறிச் சாவியைத் திருப்புங்கோ. தம்பி, தள்ளி நில்லுங்கோ" என்றார். இவர் தள்ளி நிற்கிற ஆளா? "எங்க பாப்பம்" என்று குனிந்தார். நான் திருப்பினேன்.
அந்தத் துளைகளிலிருந்து விசுக்கென்று தண்ணீர்! இவருடைய முகம், சேட், எல்லாம்.
"உள்ள தண்ணி நிண்டா பிஸ்டன் மேல ஏறாது. எப்பிடி வந்தது?" என்றார் நிக்கொலஸ் அண்ணன்.
"மழையாயிருக்கும்" என்றேன்.
அவர் இவருடைய மூக்கு நுனியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். "உங்கட கரைத்தீவில மழையோட கருஞ்சீரகமும் பெய்யுதோ?"
எல்லோரும் மாமியைப் பார்த்தோம். அன்று இவர் புத்தளம் போனபோது, ஃபில்டர் இல்லாமல் திறந்து கிடந்த இஞ்சின் வாய்க்குள், கண்ணூறு போகப் பள்ளி லெப்பையிடம் கருஞ்சீரகம் போட்டு ஓதி வாங்கிய தண்ணீரை அரைப் போத்தல் ஊற்றியிருக்கிறார்!
"லொறி ஓடினா நீ போவ மாட்டாய் எண்டுதானே மகன்..." என்றார் மாமி. முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்த நான், அப்படியே ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன். எனக்கும் அதே பயம்தானே?
எல்லாம் திரும்பப் பூட்டியதும் ஸ்டார்ட் ஆனது. கோழிகள் மதிலேறிப் பறந்தன. இவர் சேட்டைப் பிழிந்துகொண்டே இரும்புக்காரனுக்குக் கோல் எடுத்தார், வரவேண்டாமென்று.

பெப்ரவரி 18
முதல் லோட் உப்பு போய்விட்டது. மாமி வாசலில் நின்று, "பாத்தியா புள்ள, ஓதின தண்ணி வேல செஞ்சிட்டு" என்றார்.
ஓம் மாமி என்றேன். பிறகு மீதி அரைப் போத்தலைக் கட்டார் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.