துளையிடாத அறிக்கை

பேர்ண்
மார்ச் 4

அன்பு மகள் வேணுகாவுக்கு,

நானும் அம்மாவும் தம்பி பிருந்தனும் சுகம். உன் சுகத்தை வழமைபோல் விசாரித்து எழுத முடியவில்லை, உன் நிலை எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. சென்ற மாதம் நீ இங்கு வந்தபோது எடுத்த ஸ்கேன் அறிக்கை நேற்றுத் தபாலில் வந்தது. யன்னல் வைத்த அலுவலகக் கடித உறை எதுவானாலும் வந்த அன்றே திறந்து, துளையிட்டு, ஓட்னர் கோப்பில் கோர்ப்பது இந்த வீட்டின் இருபது வருட ஒழுங்கு. அந்தப் பழக்கத்தில் பெயரைப் பாராமல் கிழித்துவிட்டேன். பாதி வாசித்த பிறகே உன்னுடையது என்று கண்டேன், கண்ட பின்னும் மீதியை வாசித்தேன். இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் கடிதத்தைத் திறப்பது முறையன்று, மன்னித்துக்கொள்.

வலது முழங்காலின் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது. பன்னிரண்டாம் திகதி இங்கு சத்திரசிகிச்சைக்கு இடம் தந்து, ஒன்பதாம் திகதிக்குள் உன் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். லிஸ்பனில் உன் தனி நடனத்தின் முதற் காட்சியோ பதினான்காம் திகதி. ஞாயிறன்று அம்மா கேட்டதற்கு, "சும்மா சுளுக்கு அம்மா" என்றாய். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மருத்துவமனையில் முழங்கால் அறுவைக்கான கருவித் தட்டை அடுக்குவது என் அன்றாட வேலை; இன்று அதே தட்டை மூன்று முறை எண்ணியும் சரிவரவில்லை. என்னோடு வேலை செய்யும் சிவலிங்கம் அண்ணை தானும் எண்ணிப் பார்த்து, "எல்லாம் கிடக்கு ரவி, உமக்குத்தான் இண்டைக்கு என்னவோ குறையுது" என்றார். நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவில் முப்பத்தொரு தடவை நிலத்தில் விழுகிறாய், அதில் பத்தொன்பது தடவை வலது முழங்காலில். முன்பொருமுறை கோவிலில் யோகாம்பாள் அக்கா, "சலங்கையைக் கழட்டிப்போட்டு நிலத்தில உருளுறதும் டான்ஸோ?" என்று கேட்டபோது, நான் சப்பாத்தைத் தேடும் சாட்டில் நழுவினேன். அது என் பிழை. போன வெள்ளி அவவின் மகள் கோபிஷா இரகசியமாக வந்து, "மாமா, அக்கா எந்த ஸ்கூல்ல இந்த டான்ஸ் படிச்சவ?" என்று கேட்கிறாள். நான் அறிய, எங்கள் பிள்ளைகளில் இந்த நவீன நடனத்தையே தொழிலாக எடுத்தவள் நீ ஒருத்திதான். உனக்கு முன் ஒருவரும் போகாததால், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லித்தரவும் ஆளில்லை. அந்தப் பயத்தில்தான் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் "ஓம் அப்பா" என்று வைத்துவிடுவாய்.

வலிக் குளிசை போட்டுக்கொண்டு ஆடாதே. இது கிடைத்த அன்றே அங்குள்ள வைத்தியரிடம் காட்டு. நீ சலங்கையைக் கழற்றிய பின் உன் ஒரு நிகழ்ச்சிக்கும் நான் வரவில்லை. இப்போது பதின்மூன்றாம் திகதிக்கு விமானச் சீட்டு எடுத்திருக்கிறேன். நீ ஆடினால் அரங்கில் இருப்பேன். இங்கு வந்தால் உன் கட்டிலருகில் இருப்பேன், சீட்டு வீணாகட்டும். இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்து இடத்தைப் பென்சிலால் மட்டும் குறித்துள்ளேன், வேண்டாமென்றால் அழித்துவிடு. படம் எடுத்து அனுப்பினாலும் ஏற்பார்கள், விசாரித்துவிட்டேன்.

எந்த முடிவுக்கும் என் ஆசி உண்டு. ஒன்பதாம் திகதியை மறவாதே.

அப்பா
க. இரவீந்திரன்

பி.கு.: அறிக்கையை இத்துடன் வைத்துள்ளேன். அதில் துளையிடவில்லை. அது உன்னுடையது.