எலுமிச்சை மணக்கும் ஜாடி

கோச்சா,

பூண்டு போட்ட பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் தெலாவிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நம் பெண் மாக்வாலாவின் கல்யாண மதுவுக்கான திராட்சையை ஊறப்போட அவர் ஜாடியைக் கெஞ்சிக் கேட்க வேண்டும். நம்முடையதைத்தான் நீங்கள் பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றிக் கழுவிவிட்டீர்களே!

விருந்தென்றால் எழுந்து நின்று மதுவின் பெருமையை மணிக்கணக்கில் பேசத் தெரிகிறது. தரையில் புதைத்த மண்ஜாடி கண்ணாடி டம்ளர் இல்லை, ஊற்றியதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது மட்டும் தெரியவில்லை. சுண்ணாம்பும் வெந்நீரும் செர்ரிப் பட்டைத் தூரிகையும் பக்கத்திலேயே இருந்தன. உள்ளே இறங்கித் தேய்க்கத் தொப்பை விடவில்லை என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாம். "எலுமிச்ச வாசன கமகமன்னு வருது பாரு நர்கிசா" என்று பெருமை வேறு!

கடைசியாக அலசிய தண்ணீரைக் குடிக்க முடிந்தால்தான் ஜாடி சுத்தம் என்பார் உங்கள் அப்பா. அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் சம்பந்தி வந்ததும் அதைக் கையில் ஏந்தி வாழ்த்துரை சொல்லுங்கள்.

நர்கிசா

பி.கு.: நிஜமாகவே குடித்துவிடாதீர்கள். வாசனையாக இருக்கிறதே என்று குடித்தாலும் குடிப்பீர்கள்.