தென்பாரில் ஏழாம் எண் படகு

2046 நவம்பர் 19, காலை 06:10. மணல்முனைக் கடற்கோபுரம்

போதும். இங்கேயும் இனி வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை. இந்தப் பதிவேட்டில் இதுவரை காற்றையும் அழுத்தத்தையும் மட்டுமே எழுதி வந்தேன். இன்று எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன். எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும்.

காற்று வடகிழக்கு, 14 கி.மீ. அழுத்தம் 1008. கரையிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இரும்புக் கோபுரம் இது. மாதம் ஒருமுறை கருவிகளைச் சரிபார்க்கத் தனியாக வருவேன். ரேடார் மூன்று வாரமாகப் பழுது.

எங்கள் ஊர் இணையதளத்தின் வானிலைப் பக்கம் நான் செய்தது. கடலின் படம், பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது. அதை வரையும் கணிப்பு இயந்திரம், ஆறு மாதமாகப் படகுகள் அனுப்பும் அளவுகளிலிருந்து கடலைக் கற்று வருகிறது. மாவட்ட விருது கிடைத்த மறுநாள் பக்கத்தின் தலையில் ஒரு பெயர் ஏறியது: மீனவர் சங்கச் செயலாளர் கஸ்பார். படிப்பு பத்தாம் வகுப்பு. ஏழாம் எண் படகின் சொந்தக்காரர். நான் முனைவர் பட்டம் பெற்றவன். முன்பு இருந்த ஆய்வகத்திலும் என் கட்டுரையில் இன்னொருவன் பெயர்தான் முதலில் வந்தது. தளத்தின் அறிவிப்புப் பலகையில் ஒன்பது முறை முறையிட்டேன். ஒன்பதும் என் பெயரில். ஒன்றுக்கும் பதில் இல்லை.

07:40

பதினொரு படகுகள் கடலில். இன்றைய படம்: கோபுரத்துக்கு வடக்கே எட்டு கி.மீ.யில் உள்ள வடபார் பச்சை. தெற்கே அதே தொலைவில் உள்ள தென்பார் சிவப்பு. இரண்டும் மீன் கிடக்கும் பாறைத் திட்டுகள்.

வயர்லெஸில் மூன்றாம் எண் படகிலிருந்து லூர்து:

"சயிண்டிஸ்ட் அண்ணாச்சி, காலைச் சாப்பாடு ஆச்சா? இல்ல காத்தக் குடிச்சிட்டு இருக்கியளா?"

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நாங்களா? தெக்க. தென்பாருப் பக்கம்."

வேறொரு குரல்: "மாதாவே வந்து கேட்டாலும் அவன் தெக்கன்னுதான் சொல்லுவான்."

அலைவரிசை முழுவதும் சிரிப்பு. சிவப்பைப் பார்த்துவிட்டும் அங்கேயே போயிருக்கிறார்கள். இவர்களுக்காகவா இரவு பகலாக உழைத்தேன்?

13:20

அழுத்தம் 1003. காற்று அறவே நின்றுவிட்டது. வடக்கே கறுப்பாக ஒரு மேகச்சுவர், அடிப்பகுதி கடலைத் தொடுகிறது. படத்தில் வடபார் இன்னும் பச்சை.

13:45

கண்டுபிடித்துவிட்டேன்.

இந்த ஆறு மாதத்தில் ஒன்பது நாள் வடக்கே புயல்காற்று வீசியதை, பழுதாகும் முன் கோபுரத்தின் ரேடார் பதிந்திருக்கிறது. அதே ஒன்பது நாளிலும் படகுகளின் அளவுகள் பலத்த காற்று தென்பாரில் என்கின்றன. காற்றின் வேகம் சரி. இடம் பொய். மீன் வடபாரில் கிடக்கிறது. மீன் கிடக்கும் இடத்தை இந்தக் கடலில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை; கூடப் பிறந்தவனுக்குக்கூட. எல்லோரும் வடக்கே நின்றுகொண்டு தெற்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

படகில் உள்ள காற்றுமானி தானாக அளவை அனுப்பும். இடத்தை மட்டும் ஓட்டுபவர் கையால் எழுத வேண்டும். தானாக இடம் காட்டும் பெட்டியை யாரும் படகில் ஏற்ற மறுத்ததால் அப்படி மாற்றினேன். அதை முன்னேற்றம் என்று கூட்டத்தில் அறிவித்தேன். கஸ்பார் எழுந்து, எழுதச் சொன்னால் யாரும் உள்ளதை எழுத மாட்டார்கள் என்றார். வலையைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றேன். கை தூக்கியவர்கள் எல்லோரும் என் பக்கம். ஏன் என்று இப்போது தெரிகிறது.

இயந்திரம் பொய்யைப் பிசகில்லாமல் கற்றிருக்கிறது.

13:52

"எல்லாப் படகுக்கும் சொல்றேன். படம் தப்பு. சுழல்காத்து வடபாருக்கு வருது. வலைய விட்டுட்டு மேற்க கரைக்கு ஓடுங்க."

"நாங்க தெக்கல்லா நிக்கோம் அண்ணாச்சி."

"லூர்து, நீ வடபாருல நிக்க. எனக்குத் தெரியும்."

ஒரு நிமிடம் கழித்து லூர்து:

"வலைய அறுத்துட்டேன். வடபாருல இருந்து ஓடியாறேன்."

பிறகு ஒவ்வொருவராக. பத்துப் படகுகள். திறந்த அலைவரிசையில் பத்துப் பேர் உள்ள இடத்தைச் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. ஏழாம் எண்ணிலிருந்து பதில் இல்லை.

15:05

காற்று 71 கி.மீ. சுழல் வடபாரைக் கடந்து தெற்கே நகர்கிறது.

"கோபுரம், ஏழாம் நம்பர் பேசுதேன். விசிறியில வலை சுத்தி இஞ்சின் நின்னுபோச்சு. நாலு பேர் இருக்கோம். தென்பாரு."

"கஸ்பார், உள்ளதச் சொல்லுங்க. எந்தப் பாரு?"

"தென்பாருதான் அண்ணாச்சி. நான் மாத்திச் சொல்றவன் இல்ல."

கோபுரத்தின் அடியில் ஆளில்லா மீட்புப் படகு ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று. நான் எழுதும் இடத்துக்குப் போகும்.

பத்துப் பேர் பொய் சொன்னார்கள். பதினோராவது ஆள் மட்டும் யோக்கியனா? தன் பெயர் போட்ட படத்தில் சிவப்பாக இருக்கும் இடத்துக்குச் செயலாளரே போவாரா?

வடபார் என்று எழுதினேன்.

15:38

மீட்புப் படகின் கேமராவில் வடபார். அறுத்துவிட்ட மிதவைகள். வேறொன்றும் இல்லை.

"அண்ணாச்சி, ஒண்ணும் வரக் காணலையே. நங்கூரக் கயிறு போயிருச்சு."

இயந்திரம் தள்ளிவைத்த பதிவுகளைத் திறந்தேன். ஏழாம் எண், 143 பதிவுகள். அத்தனையும் கோபுரத்தின் அளவுகளோடு ஒத்துப்போகின்றன. பத்துப் படகுகளோடு ஒன்று முரண்பட்டதால் அதைப் பழுது என்று இயந்திரம் முடிவுசெய்திருக்கிறது. என்னிடம் ஒப்புதல் கேட்டது. படிக்காமல் கொடுத்தேன். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன்.

குறிப்புக் கட்டத்தில் நாள்தோறும் அவர் எழுதியிருக்கிறார்: "இடம் சரி. படம்தான் தப்பு." போன வாரம்: "படத்த எடுத்துரலாம். ஆனா அண்ணாச்சி மனசு நோகும். நேர்ல பாத்துச் சொல்லணும்."

இலக்கை மாற்றினேன். தென்பார். பதினாறு கி.மீ., இந்த அலையில்.

16:12

"அண்ணாச்சி, வருதா?"

"வருது கஸ்பார். தென்பாருக்குத்தான் வருது."

"அதான் சொன்னேன்ல"

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்.

16:34

கவிழ்ந்த படகு. அதன் முதுகில் மூன்று பேர். மூன்று பேர்தான். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கஸ்பார் இல்லை.

17:50

மூவரும் மீட்புப் படகில். கடலோரக் காவல் கப்பல் அவரைத் தேடுகிறது. காணவில்லை. பத்துப் படகுகளும் கரையில். லூர்து கூப்பிட்டான்:

"அண்ணாச்சி, நாங்க வடக்க நின்னது ஊருக்குத் தெரிய வேண்டாம். கஸ்பார் வீட்டு மூஞ்சில முழிக்க முடியாது."

மீட்புப் படகை முதலில் எங்கே அனுப்பினேன் என்று அவனிடம் நானும் சொல்லவில்லை.

அழுத்தம் 1001. வடக்கே இரண்டாவது சுவர் எழுகிறது.

வழக்கம்போல இயந்திரம் இன்றைய பதிவுகளை எடுத்துக்கொண்டது. பத்துப் படகுகள் காலையில் எழுதிய இடம் தென்பார். ஏழாம் எண் தள்ளப்பட்டது. நாளைய படம் வந்துவிட்டது. வடபார் இன்றையதைவிட அடர்ந்த பச்சை.

விடிந்ததும் ஊரில் உள்ள அறுபது படகும் அவரைத் தேடப் புறப்படும். படத்தைப் பார்த்துப் புறப்படும். நீரோட்டம் வடக்கே இழுக்கிறது. தேடல் அங்கேதான் போகும். விருதுக்குப் பிறகு படத்தை எடுக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. கடவுச்சொல் ஒருவரிடம்தான் இருக்கிறது. அவரைத்தான் தேடப் போகிறார்கள்.

18:15

லூர்திடம் சொன்னால் ஊருக்குப் போய்ச் சேராது. எனக்கு மிஞ்சியிருப்பது அறிவிப்புப் பலகை. இந்தப் பதிவேட்டை முழுதாக ஏற்றுகிறேன். எதையும் வெட்டவில்லை. 15:05ஐயும் வெட்டவில்லை. மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நாளை வடபாருக்குப் போகாதீர்கள், பச்சையை நம்பாதீர்கள்.

அனுப்புபவர் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கிறது. அங்கே என் பெயரைப் பார்த்தால் பத்தாவது முறையீடு என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். படித்து முடிக்கும்போது நான் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். முதல் வரியைப் படிக்கும் முன் தெரிய வேண்டாம்.

கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன்.